பல்லைப் பிடித்துப் பார்த்தோம்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
பார்த்தோம்.
பதினான்கு பெட்டிகள்.
லா பாஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்று
லாரியேற்றி ஒரூரோவுக்கு அனுப்பியவை.
மூடியைக் கழற்றினால்
எந்தக் கிளையின் தூசியோ, யாருடைய தலைமுடியோ,
ஒன்றுக்குள் காய்ந்த எலுமிச்சைத் தோல்.
நினைவகம் ஒரு ஜிபி. ஆறில் அதிலும் பாதி.
செயலி முப்பத்திரண்டு பிட்.
புதிய அமைப்புகள் பலவும் இந்தப் பெயரைக் கேட்டதும்
வாசலோடு திரும்பிவிடுகின்றன.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பின்னறை.
காற்று மெலிந்த உயரம்.
விசிறிகள்
மாடியேறி வந்தவர்கள் போல் இரைத்தன.

ருஃபினோ மூன்று பென் டிரைவ்களை மேசையில் வைத்தான்.
மூன்றிலும் லினக்ஸ்.
ஒன்றில் மட்டும் பெயர் எழுத மறந்திருந்தான்.

சுல்மாவுக்கு அழகானது வேண்டும்.
கீழே பட்டை, மூலையில் கடிகாரம்.
"வங்கியில இருக்கற மாதிரி இருக்கணும்.
இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு மூஞ்சி வேண்டாம்."
அவள் சொன்னது சரி.
ஆனால் அது எழுந்து உட்கார
நான்கு நிமிடம், பதினோரு வினாடி.
உலாவியைத் திறந்தோம்.
சுட்டி, தேனில் விழுந்த எறும்பு.

ருஃபினோவுடையது வட்டைத் தொடவே தொடாது.
மொத்தமும் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும்.
இருபத்தாறு வினாடி!
நோட்டில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
சுல்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் இரவு, முதல் வகுப்பு.
எவுலோகியா, சந்தையில் அபி விற்பவர்,
ஊதாச் சோளக் கஞ்சியின் நிறம் நகக்கண்ணில் நிற்க,
ஒற்றை விரலால் தன் வயதைத் தட்டினார்.
எங்கள் ஸ்பானிஷில்
வருடம் என்று எழுத
ஓர் எழுத்தின் தலையில் சின்ன நெளிவு வேண்டும்.
விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தது.
நெளிவு விழவில்லை.
நெளிவில்லாத வருடம், ஆசனவாய்.
அவருக்கு ஐம்பத்தெட்டு இருப்பதாகத்
திரை அறிவித்தது.
முதலில் சிரித்தவர் அவரேதான்.
பின்வரிசையும் சிரித்தபோது
நிறுத்திக்கொண்டார்.

ஒரு கட்டளை போதும், சரிசெய்தேன்.
பதினோரு வரி எழுதிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை
நெளிவும் இல்லை, பதினோரு வரியும் இல்லை.
அணைத்தால் துடைத்துக்கொள்ளும் அமைப்பு அது.
சேமிக்கச் சொல்லியிருக்கலாம்,
சொல்லியிருக்க வேண்டும்,
யாரும் சொல்லவில்லை.
ருஃபினோ விளக்க ஆரம்பித்தான்,
காதுவரை சிவந்து.
எவுலோகியா கையைக் காட்டி நிறுத்தினார்:
"இது ஏன் இவ்வளவு சீக்கிரம் முழிச்சுக்குதுன்னு
இப்பத்தான் புரியுது.
ராத்திரி நடந்தது எதுவும் இதுக்கு ஞாபகம் இல்ல.
என் முதல் புருஷன் மாதிரி."

மிச்சமிருந்தது பெயர் எழுதாத பென் டிரைவ்.
சாம்பல் நிறத் திரை, சதுரச் சதுரமாய்ப் பட்டியல்,
சுல்மா பார்த்ததும் முகம் சுளித்தாள்.
எழுபத்து மூன்று வினாடி.
வட்டில் எழுதும். எழுதியதை வைத்திருக்கும்.
அணைத்தோம், ஏற்றினோம்.
மறுபடி அணைத்தோம்.
நெளிவு அங்கேயே இருந்தது.

பாதி ஜிபி ஆறில்
மூன்றைப் பிரித்து மூன்றுக்குக் கொடுத்தோம்.
பதினான்கு, பதினொன்றாயிற்று.
வெற்றுக் கூடுகள் மூன்றும்
இப்போது கதவுக்கு அண்டைக் கொடுக்கின்றன.
ருஃபினோ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை:
"நாற்பத்தேழு வினாடி, ஒவ்வொரு முறையும்,
பதினோரு பெட்டியில். கணக்குப் போட்டுப் பார்."
போட்டேன். நிறையத்தான்.
சுல்மா இரவோடிரவாகப் பட்டையைக் கீழே இறக்கி
மூலையில் கடிகாரம் வைத்துவிட்டாள்.
அது எட்டு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.

அடுத்த வியாழன்
அந்த எழுபத்து மூன்று வினாடியும்
பெட்டியின் முதுகில் கை வைத்துக்
குளிர் காய்ந்தார்கள்.
எவுலோகியா பெயர் எழுதவில்லை, வயது எழுதவில்லை.
விலைப்பட்டியல்:
அபி, பெரிய கோப்பை. அபி, சின்னது. பூரித்த பனியாரம், ஒன்று.
கடைசியில், இந்த வருடம் விலை ஏறாது.
மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து
வருடத்தின் தலையைச் சோதித்தார்.
இருந்தது.

"அச்சடி," என்றார்.
அச்சுப்பொறியும் தானமாக வந்ததுதான்.
அதன் பல்லை
நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.